கணக்கரும் கணிப்பொறியும்



தத்துவத் துறைக்குள் கணிப்பொறிக் கலை எவ்வாறு ஒரு தனிப்பிரிவாக வளர்ந்தது என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். நான் கணக்கு ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கணிப்பொறி வல்லுநனும் அல்லேன். தத்துவப் பேராசிரியனும் அல்லேன். ஆயினும் இசைந்தேன். நான் வாழும் ஊரும், அவ்வூரில் என்னிடம் பயின்ற ஒரு பெண் கேட்ட கேள்வியுமே அதற்குக் காரணம்.

என் ஊர் வல்லம் வடகால். திருப்பெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஏரியில் நீர் நிறைந்ததா இல்லையா என்பதே எங்கள் ஊரின் தலையாய செய்தி. இன்று வைகறையில் என்னை எழுப்புவன ஷிப்டுப் பேருந்துகள். இங்கே சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது. 2017-ல் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஒன்று வந்தது. கைப்பேசியும் மின்னணுப் பொருளும் செய்யும் ஆலைகள் சூழ்ந்தன. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி ஒன்று இங்கே திறக்கப்பட்டது. ஒரு நகரமே எழுந்து வந்து எங்கள் ஏரிக்கரையில் அமர்ந்தாற்போல இருக்கிறது.

என் பழைய மாணவி ஒருத்தி இவ்வட்டாரத்து ஆலை ஒன்றில் பணிபுரிகிறாள். ஆலையின் பெயர் நமக்கு வேண்டா. மின்சுற்றுப் பலகைகளில் ஈயப்பற்று சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. முதலில் ஒரு பொறி, தன் காமிரா விழியால் பலகையைப் படம் பிடித்து, பழுது என்று தோன்றும் இடத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டும். அவ்விடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, உண்மையிலேயே பழுதுதானா என்று அவள் உறுதி செய்ய வேண்டும். ஒரு நாள் பொறி பழுது என்ற இடத்தை அவள் நன்று என்று கண்டாள். மேற்பார்வையாளர் கேட்டுக்கொள்ளவில்லை. “மெஷின் பொய் சொல்லாது” என்று சொல்லிவிட்டார். பலகை ஒதுக்குப் பெட்டிக்குப் போயிற்று. அவள் பெயருக்கு நேரே ஒரு பிழை பதிவாயிற்று. அவள் கண்டது சரியா தவறா என்று இன்றுவரை அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, “ஐயா, பொய் சொல்லாது என்றால் உண்மை பேசும் என்று பொருளா? எங்கள் வீட்டு அம்மிக்கல்லும் பொய் சொல்லாதே!” என்றாள்.

நண்பர்களே, இக்கேள்வியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பொய் சொல்வதற்கு முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். உண்மையை அறியும் ஆற்றல் இல்லாத ஒன்று பொய்யும் சொல்லாது. நாம் கொள்ளும் பொருளில் உண்மையும் சொல்லாது. அப்படியானால் அந்தப் பொறி பலகையைக் கண்டதா, அறிந்ததா, தீர்மானித்ததா? இது பொறியியல் கேள்வி அன்று. பட்டறையில் இதற்கு விடை கிடையாது. தத்துவத்தின் வாயிலில்தான் நாம் போய் நிற்க வேண்டும்.

அந்த வாயில் எங்கள் ஊருக்குத் தொலைவில் இல்லை. காஞ்சிக்குப் பேருந்து ஏறினால் போதும். மணிமேகலைக் காப்பியத்தில் 27-ஆம் காதைக்குச் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்று பெயர். வஞ்சி மாநகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரையிலானோர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்க, மணிமேகலை கேட்கிறாள். தத்துவம் பேசுவோரைக் ‘கணக்கர்’ என்று புலவர் அழைத்திருப்பதைக் காண்க. கணக்கு என்பது நமக்கு எண்ணும் ஆகும், நூலும் ஆகும். பதினெண்கீழ்க்கணக்கு என்பதில் கூட்டலும் கழித்தலுமா இருக்கின்றன? ஆங்கிலத்திலும் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை பொறியைக் குறிக்கவில்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் ஆளைக் குறித்தது. அவரும் கணக்கரே.

வஞ்சியில் கேட்டு முடித்த மணிமேகலை காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அளவை நூல் கேட்கிறாள். 29-ஆம் காதை அது. பள்ளியில் அக்காதையை நாம் பெரும்பாலும் தாவிச் சென்றுவிடுகிறோம். கதை இல்லை, வறட்சியாக இருக்கிறது என்று ஆசிரியர்களே சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒரு முடிவு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதை விதிகளாக வகுத்துச் சொல்லும் அரிய பகுதி அது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என அனுமானத்தின் உறுப்புகள் அங்கே சொல்லப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்றும் அக்காதை கூறுகிறது. பிறகு போலிகள் வருகின்றன: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஆக 33 வகையில் மனிதன் தவறாக எண்ணலாம் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள்! பிழையைத் திருத்துவதற்கு முன் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலில் நான் கற்றது. அவர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள்.

இந்த அளவை நெறிக்கு மூலவர் திக்நாகர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த இவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும். இவர் ‘ஏதுச் சக்கரம்’ என ஒரு சிறு அட்டவணை வகுத்தார். அதை நீங்களே உங்கள் ஏட்டில் வரைந்து பார்க்கலாம். நெருப்புள்ள இடங்களைச் சபக்கம் என்று கொள்ளுங்கள்; நெருப்பில்லாத இடங்களை விபக்கம் என்று கொள்ளுங்கள். ஒருவர் காட்டும் ஏது சபக்கம் முழுவதிலும் இருக்கலாம், சிலவற்றில் இருக்கலாம், எதிலும் இல்லாதிருக்கலாம். விபக்கத்திலும் அவ்வாறே மூன்று நிலை. மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது கட்டங்கள். அவற்றுள் செல்லுபடியாகும் ஏது இரண்டே கட்டங்களில் உண்டு: சபக்கம் முழுவதிலுமோ சிலவற்றிலோ இருந்து, விபக்கத்தில் அறவே இல்லாதிருப்பது. இரண்டு கட்டங்கள் நேர்மாறானதை நிறுவிவிடும். மீதி ஐந்தும் எதையும் நிறுவா.

இதில் வியப்பு என்ன? அட்டவணையைப் பயன்படுத்துவதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால், எந்தக் கட்டம் என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். சிந்தனையின் ஒரு பகுதியை விதியாக்கி, அவ்விதியைக் கட்டமாக்கிவிட்டார் திக்நாகர். சிந்தனையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணத்தின் விதை இங்கே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் திக்நாகர் கணிப்பொறியைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது மிகை. பாணினியின் இலக்கணத்தைப் பற்றியும் இப்படிப்பட்ட மிகைகள் உலவுகின்றன. அவருடைய விதிகளின் அமைப்பு, கணிப்பொறி மொழிகளை வரையறுக்க 1959-ல் ஜான் பேக்கஸ் கையாண்ட முறைக்கு நெருங்கியது என்று அறிஞர் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அது மெய்யான பெருமை. அதற்குமேல் ஊதவேண்டா.

மேலைநாட்டில் இதே எண்ணம் வேறு வழியில் வளர்ந்தது. ஜெர்மானியத் தத்துவ ஞானி லைப்னிட்ஸ் பெருக்கவும் வகுக்கவும் வல்ல பொறி ஒன்றைச் செய்தவர். வாதிடுவோர் சண்டையிடுவதை விட்டு உட்கார்ந்து கணக்கிட்டு முடிவு காணும் காலம் வரும் என்று அவர் கனவு கண்டார். 1854-ல் ஜார்ஜ் பூல் என்பார் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதி நூல் வெளியிட்டார். (இவருடைய மனைவி மேரி, நம் நாட்டை அளந்த எவரெஸ்டின் தம்பி மகள், அந்த அளவைப் பணி 1802-ல் பரங்கிமலையை ஒட்டித் தொடங்கியது என்பதை எங்கள் பக்கத்து மாணவர்கள் நினைவில் வைக்கலாம்.) பூலின் இயற்கணிதம் நெடுங்காலம் தத்துவ வகுப்பிலேயே தங்கியிருந்தது. அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன் அதைக் கல்லூரியில் தத்துவப் பாடத்தில்தான் கற்றார். மின் இணைப்பு திறப்பதும் மூடுவதும் பூலின் விதிகளுக்கு அப்படியே பொருந்துகின்றன என்று 1937-ல் அவர் ஆய்வுரை எழுதினார். இன்றைய ஒவ்வொரு சில்லும் அந்தப் பொருத்தத்தின்மேல் இயங்குகிறது.

இனி, இக்கதையின் நடுநாயகரான ஆலன் டூரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு உங்களில் பலருக்குத் தெரிந்திராது. அவருடைய தாய் ஈதெல் சாரா ஸ்டோனி கோவைக்கு அருகிலுள்ள போத்தனூரில் 1881-ல் பிறந்தவர். மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் மகள். தந்தை மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தமையன் பிறந்தது குன்னூரில். ஆலன் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் மீண்டும் இங்கே பணிக்கு வந்துவிட, குழந்தைகள் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தார்கள். நம் மாகாணம் அவருடைய பெற்றோரை எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம்.

1928-ல் ஹில்பர்ட் என்னும் கணித மேதை ஒரு கேள்வியை முன்வைத்திருந்தார். ஒரு கூற்றைக் கொடுத்தால், அது நிறுவத்தக்கதா இல்லையா என்று எப்போதும் தவறாமல் தீர்க்கும் ஒரு முறை உண்டா? லைப்னிட்ஸின் கனவே கேள்வி வடிவில் வந்தது என்க. 1936-ல் டூரிங் இதற்கு விடை கண்டார். அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதே நோக்கத்தக்கது. கட்டம் போட்ட தாளின்முன் அமர்ந்து கணக்கிடும் ஒரு மனிதரை, நம் கணக்கரை, அவர் எண்ணிப் பார்த்தார். அவர் ஒரு நேரத்தில் ஒரு குறியைப் பார்க்கிறார். அதை அழிக்கிறார் அல்லது வேறொன்று எழுதுகிறார். அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். அவ்வளவே. இதையெல்லாம் ஒரு பொறியும் செய்யலாமே! கணிப்பது என்றால் என்ன என்ற தத்துவக் கேள்விக்கு முதன்முதலாகத் தெளிந்த விடை கிடைத்தது. பிறகு அதே விடையைக் கொண்டு அதன் எல்லையையும் அவர் காட்டினார்.

எந்தக் கட்டளைத் தொடர் முடிவுக்கு வரும், எது முடிவின்றி ஓடும் என்று முன்கூட்டியே சொல்லவல்ல ஒரு பொறி இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை உள்ளே வைத்து இன்னொரு பொறி செய்வோம். தன்னைப் பற்றி அதனிடம் கேட்டு, ‘நீ நிற்பாய்’ என்று விடை வந்தால் ஓடிக்கொண்டே இரு. ‘ஓடுவாய்’ என்று வந்தால் உடனே நின்றுவிடு என்று அதற்கு ஆணையிடுவோம். முதற்பொறி எந்த விடை சொன்னாலும் அது தவறாகிவிடும். ஆகவே அத்தகைய பொறி இருக்க முடியாது. ஹில்பர்ட் கேட்ட முறையும் இல்லை என்று டூரிங் நிறுவினார். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் என்பாரும் அதே ஆண்டில் வேறு வழியால் அதே முடிவை அடைந்திருந்தார். பொறி பிறப்பதற்கு முன்பே அதனால் எது இயலாது என்பது தெரிந்துவிட்டது. வேறெந்தக் கருவிக்கும் இத்தகைய வரலாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொறிகள் பின்னர் வந்தன. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் செய்த டிஃப்ராக் 1960-ல் இயங்கத் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் பெரிய ஐ.பி.எம். கணிப்பொறி வந்தது. அவ்வரலாறு வேறு பேச்சுக்கு உரியது. நம் பொருளுக்கு வேண்டியது 1950-ல் டூரிங் எழுதிய கட்டுரை. பொறிகள் சிந்திக்குமா என்று அதில் கேட்டார். அது வெளிவந்தது ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழில். மறைவிலிருந்து எழுத்து மூலம் உரையாடும் ஒன்று மனிதனா பொறியா என்று கேட்பவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அதற்குச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வீர் என்பது அவருடைய வாதம். 1978-ல் ஆரன் ஸ்லோமன் கணிப்பொறியால் தத்துவத்தில் ஒரு புரட்சி நிகழ்கிறது என்று நூலே எழுதினார். 1985-ல் ஜேம்ஸ் மூர் கணிப்பொறிக்கான அறநூல் எது என்று வினவினார். 1986 முதல் கணிப்பொறியும் தத்துவமும் பற்றிய மாநாடுகள் கூடலாயின. 1999-ல் லூசியானோ ஃபுளோரிடி இவ்விரண்டையும் தலைப்பாகக் கொண்டே அறிமுக நூல் வெளியிட்டார்.

இவற்றிடையே 1980-ல் ஜான் சேர்ல் கூறிய ஓர் எடுத்துக்காட்டு என்னை உறங்கவிடாமல் செய்தது. ஓர் அறைக்குள் சீன மொழி அறியாத ஒருவர் இருக்கிறார். வெளியிலிருந்து சீன எழுத்தில் கேள்விச் சீட்டுகள் வருகின்றன. இன்ன வடிவம் வந்தால் இன்ன வடிவத்தை எழுதி அனுப்பு என்ற விதிநூல் அவரிடம் உண்டு. அவர் அனுப்பும் விடைகளைப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு சீனப் புலவர் இருப்பதாகவே எண்ணுகிறார்கள். அவருக்கோ ஒரு சொல்லும் பொருள்படவில்லை. விதியைப் பின்பற்றுவது வேறு, பொருளை அறிவது வேறு என்றார் சேர்ல். மனிதருக்குத் தெரியாவிட்டாலும், அறையும் நூலும் மனிதரும் சேர்ந்த முழுமைக்குச் சீனம் தெரியும் என்று மறுத்தவர்களும் உண்டு. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊருக்கு அண்மையில் பிறந்த இராமானுசர் இவ்வழக்கைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு. அறிவு என்பது எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றியது, யாரோ ஒருவருக்கு உரியது என்பது அவர் கொள்கை. விடை வந்துவிட்டது, அது யாருக்குத் தெரிந்தது என்று அவர் வினவியிருப்பார் போலும்.

ஆனால் என்னை உறங்கவிடாத காரணம் வேறு. அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அதை நானே கட்டினேன். முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் என் வகுப்பறையே அதுவாக இருந்தது. இன்ன கேள்வி வந்தால் இன்ன விடை எழுது என்று விதிநூல் கொடுத்தேன், பிள்ளைகள் எழுதினார்கள், நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். பரிசும் பாராட்டும் எனக்குக் கிடைத்தன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு இட்டுச் செல் என்று ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். அதைத் தேர்வில் எழுதித் தேறினேன், வகுப்பில் மறந்தேன்.

திண்ணையில் அமர்ந்திருந்த அந்தப் பெண், பேச்சோடு பேச்சாக, “ஒன்பதாம் வகுப்பில் குறையைக் குறையால் பெருக்கினால் மிகை ஏன் வருகிறது என்று கேட்டேன் ஐயா; ‘விதி அது, எழுது’ என்றீர்கள்” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அவளிடம் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அன்று அவளோடு மணிமேகலையின் 29-ஆம் காதையைப் பிரித்தேன். பொறி காட்டிய ஏது என்ன? அவ்விடத்தில் கருமை இருக்கிறது என்பது. பழுதான பற்றில் கருமை வருவதுண்டு, சரி. நல்ல பற்றில் வருமா? “வரும் ஐயா. ஃபிளக்ஸ் கறை படிந்தாலும் கருப்பாகத் தெரியும்; வெளிச்சம் சாய்ந்து விழுந்தாலும் தெரியும்” என்றாள். அப்படியானால் ஏது விபக்கத்திலும் சென்றுவிட்டது. அநைகாந்திகம் என்று நூல் சொல்லும் போலி அது. ஒன்பது கட்டங்களுள் எதையும் நிறுவாத ஐந்தில் ஒன்று. தன் ஐயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் தன் மாவட்டத்துக் காஞ்சியில் வைத்துச் சொல்லப்பட்ட பெயர் என்று அறிந்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படி உங்களுக்கு வானொலியில் காட்டுவேன்!

உடனே அடுத்த கேள்வி வந்தது. “பழைய பொறியில் எது ஏது என்று பொறியாளர் எழுதி வைத்திருப்பார். புதிதாக வந்திருப்பது ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துத் தானே கற்றதாம். ஏன் பழுது என்றது என்று கேட்டால் பொறியாளருக்கே சொல்லத் தெரியவில்லையே, ஐயா?” இன்றைய தத்துவ அறிஞர்களின் மேசைமேல் இருக்கும் கேள்வி இதுதான். ஏது சொல்லாத அனுமானத்தை ஏற்கலாமா? பெரும்பாலும் சரியாக வருகிறது என்பதே போதுமான ஏது ஆகுமா? சமயக் கணக்கர் அவையில் ஏது சொல்லாதவருக்கு வாதமே கிடையாது. ஆலையிலோ ஏது சொல்ல வேண்டியவள் அவள், பொறி அன்று.

ஒதுக்குப் பெட்டிக்குப் போன பலகையை நுண்ணோக்கியில் மீண்டும் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம் என்று அவள் தீர்மானித்தாள். விண்ணப்பத்தை அவளே எழுதினாள். நான் ஓரிரு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினேன். ஏது என்ற இடத்தில் கருமை நல்ல பலகையிலும் வரும் என்று எழுதி, வந்த மூன்று பலகைகளின் எண்களையும் குறித்திருந்தாள்.

அவள் எழுந்து செல்லுமுன் நான் உள்ளே போய்க் கரும்பலகைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். ஒன்றோடு குறை ஒன்றைக் கூட்டினால் சுழி. சுழியைக் குறை ஒன்றால் பெருக்கினாலும் சுழியே. ஆதலின் குறை ஒன்றை ஒன்றால் பெருக்கியதும், குறை ஒன்றைக் குறை ஒன்றால் பெருக்கியதும் கூடிச் சுழியாக வேண்டும். முன்னது குறை ஒன்று. அப்படியானால் பின்னது என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டு நிறுத்தினேன். அவள் விடையைச் சொல்லிவிட்டு, “சுழியை எதனால் பெருக்கினாலும் ஏன் சுழி, ஐயா?” என்றாள். விடுதிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.